தட்டு நடுங்காத நாட்கள்

எங்கள் ஆம்பூர்த் தோல் மண்டிக்குப் பின்னால் தோல் காயப்போடும் மைதானம் ஒன்று இருக்கிறது. அதற்குக் காவல்காரர் தனகோடி. ஊரில் அவருக்குக் ‘கண்ணாடிப் பைத்தியம்’ என்று பெயர். இந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யாரென்று தெரிந்தால் அவன் வீட்டு வாசலில் போய் நின்று நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவேன். இதை நான் சொல்லும்போதெல்லாம் என் மனைவி சம்பூர்ணம், “நீங்க கேட்டுட்டாலும்!” என்பாள். நான் மண்டியில் கணக்கெழுதும் குமாஸ்தா. வாய்ச்சொல் வீரன் என்பது அவள் கட்சி. இருக்கட்டும்.

தனகோடி பைத்தியம் இல்லை. அந்த மனிதரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் எவனும் அப்படிச் சொல்லமாட்டான். ஆனால் இந்த ஊரில் உட்கார்ந்து பேச யாருக்கு நேரம் இருக்கிறது? தோல் வந்ததா, போனதா, சென்னையில் விலை ஏறியதா, இதுதான் பேச்சு. அதனால் அவர் கதையை நான் எழுதுகிறேன். பாதி அவர் வாயால் கேட்டது. மறு பாதி வஜீதாம்மா என் மனைவியிடம் சொன்னது. அந்த அம்மாள் கோஷா. அந்நிய ஆண்களுக்கு முகம் காட்டமாட்டார், பேசவும் மாட்டார். ஆகவே பெண்கள் பக்கத்துச் செய்தி முழுவதும் சம்பூர்ணத்தின் வழியாகத்தான் எனக்கு வந்தது. அவள் எதையும் கூட்டியோ குறைத்தோ சொல்கிறவள் அல்ல. திட்டுவதில் மட்டும் கொஞ்சம் கூட்டுவாள்.

கண்ணாடிக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சர்வே என்றால் சங்கிலியை இழுத்து நிலத்தை அளப்பது என்றுதான் நம்மில் பலருக்குத் தெரியும். மலையின் உயரத்தைச் சங்கிலியால் அளக்க முடியுமா? ஒரு மலை மேல் கருவியை வைத்து, எதிர் மலையின் உச்சியைப் பார்த்து, எத்தனை கோணம் ஏறுகிறது என்று கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிப்பார்கள். அதில் ஒரு தொல்லை. வெளிச்சம் நேராக வருவதில்லை. காற்று அதை வளைத்துவிடுகிறது. காலையில் எதிர் மலை கொஞ்சம் எழுந்து நிற்பது போலத் தெரியும். மத்தியானம் அதே மலை உட்கார்ந்துவிடும். எந்த மாதத்தில், எந்த வேளையில், எவ்வளவு வளைகிறது என்று தெரிந்துகொண்டால் ரயில் பாதை போடுகிறவனுக்கும், கால்வாய் வெட்டுகிறவனுக்கும், கோலாரில் தங்கச் சுரங்கம் தோண்டுகிறவனுக்கும் உயரக் கணக்கு பிசகாது. இதை ஆராய்வதற்காகச் சண்டை முடிகிற வருஷம், அதாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டில், ஒரு வெள்ளைக்கார எஞ்சினீர் நம் பாலாற்றுப் பக்கம் வந்தார். குடியாத்தம் பக்கத்து மலை ஒன்றில் கருவியோடு கூடாரம் போட்டார். பாலாற்றுக்கு இந்தப் பக்கம், ஆம்பூரைப் பார்த்தாற்போல் நிற்கிற குதிரைக்கல் குன்றின் உச்சியில், அவர் கருவிக்கு ஒரு குறி வேண்டும். அந்தக் குறிதான் தனகோடி.

குறி என்றால் சும்மா நிற்பது அல்ல. முக்காலி மேல் ஒரு கண்ணாடி இருக்கும். சூரிய வெளிச்சத்தை அதில் பிடித்து, ஆற்றைத் தாண்டி, துரையின் கருவிக்குள் விழும்படி திருப்பவேண்டும். அங்கே அது பகலில் முளைத்த நட்சத்திரம் போலத் தெரியுமாம். சூரியன் ஓரிடத்தில் நிற்கிறானா? அவன் நகர நகரக் கண்ணாடியையும் துளித்துளியாகத் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். மூக்கு அரிக்கிறது என்று கையை எடுத்தால் வெளிச்சம் நழுவிவிடும். காலையிலிருந்து வெயில் சாயும்வரை இதுதான் வேலை. ரயில்வே சர்வேயில் சங்கிலி இழுத்துக்கொண்டிருந்தவர் தனகோடி. கண் கூர்மை, கை நிதானம் என்று பார்த்து இவரைப் பிடித்து மலையில் ஏற்றிவிட்டார்கள். உச்சியில் கல்லடுக்கி ஓலை வேய்ந்த ஒரு குச்சு. அரிசியும் தண்ணீரும் கொண்டு வர, வாரத்தில் இரண்டு தடவை கன்னியப்பன் என்கிற ஆள் கழுதையோடு வருவான். மற்றபடி ஒரு ஈ காக்கை கிடையாது.

“பயமா இருந்துச்சா?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“பயம் இன்னாத்துக்கு சார்? பேஜாரா இருக்கும். பேச ஆள் இல்லன்னா வாயே புளிச்சுப் போவுது. கீழ ரயிலு போறது தெரியும். ஊதுறது அப்பாலிக்காத்தான் காதுல வுழும். கன்னியப்பன் வந்தா அவன வுடமாட்டேன். அவன் போவணும்னு துடிப்பான், நான் கழுதயப் புடிச்சிகினு நிப்பேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தனகோடியின் மனைவி ராஜம்மாள் ஆம்பூரில், இந்த மைதானத்தின் ஓரத்து வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தாள். தோல் பதனிடுகிற இடத்தில் ஆவாரம்பட்டை இடிக்கிற வேலை. பிள்ளை குட்டி இல்லை. குதிரைக்கல் குன்றிலிருந்து பார்த்தால் அந்த வரிசை தீப்பெட்டிகளை அடுக்கினாற்போல் தெரியும். தனகோடி மலை ஏறிய புதிதில் ஒரு நாள், ராஜம்மாள் கொல்லையில் உட்கார்ந்து கல்யாணத்துக்குச் சீதனமாக வந்த பித்தளைத் தாம்பாளத் தட்டைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி நிமிர்த்தியிருக்கிறாள். அந்தத் தட்டில் வெயில் பட்டு ‘பளிச்’ என்று மலையுச்சியில் தனகோடியின் கண்ணில் அடித்திருக்கிறது. மனுஷன் துள்ளிக் குதித்தாராம். ஊரில் எத்தனையோ தட்டு இருக்கிறது. இது தன் வீட்டுக் கொல்லை, தன் வீட்டுத் தட்டு, தன் பெண்டாட்டி. கன்னியப்பனிடம் சொல்லி அனுப்பினார். அடுத்த நாளிலிருந்து அது வழக்கமாகிவிட்டது.

சாயங்காலம் துரை மூன்று தடவை வெளிச்சம் காட்டுவார். ‘இன்றைக்குப் போதும்’ என்று அர்த்தம். உடனே தனகோடி கண்ணாடியை ஊர்ப்பக்கம் திருப்புவார். ராஜம்மாள் கொல்லையில் நின்று தட்டைத் தூக்கிக் காட்டுவாள். வேறு ஒரு சேதியும் கிடையாது. ‘நான் இருக்கேன்.’ ‘நானும் இருக்கேன்.’ அவ்வளவுதான். அவள் தம்பி கல்யாணத்துக்கு இவர் இறங்கி வரவில்லை என்று கோபம் வந்த அன்றைக்கு மட்டும், தட்டைக் காட்டிவிட்டு வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாளாம். “அம்மாந்தூரத்துல இருந்து மூஞ்சியத் திருப்பிகினா சார்!” என்று சொல்லிச் சொல்லி மாய்ந்து போவார்.

இந்த விஷயம் துரைக்குத் தெரிந்து போயிற்று. கோபித்துக்கொள்வார் என்று கன்னியப்பன் நடுங்கினான். துரை சொன்னது வேறு. “நான் போதும்னு சொன்னப்புறம் சூரியன் உன்னுது. என்ன வேணா பண்ணிக்கோ” என்று சொல்லி அனுப்பினார். நல்ல மனுஷன்தான். அவரும் அந்த மலையில் தனியாகத்தானே கிடந்தார்.

அந்தச் சாயங்கால வேளையைத் துரை ‘நிலை நேரம்’ என்பாராம். மத்தியானத்தில் சூடு கிளம்பிக் காற்று அலையும். வெளிச்சமும் சேர்ந்து ஆடும். வெயில் சாய்ந்ததும் அந்த ஆட்டம் அடங்கி, வெளிச்சம் அசையாமல் நிற்கும். ஆகவே சாயங்காலம் ஒரு வெளிச்சம் நடுங்கினால் அது காற்றின் குற்றம் அல்ல, காட்டுகிறவனின் கை நடுங்குகிறது என்று அர்த்தம். இது தனகோடிக்கு மனப்பாடம். மேலே படிக்கிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வீட்டில் வஜீதாம்மா. கணவர் ரோமம் தரம் பிரிக்கிற வேலையில் இருந்தார். இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர். ராஜம்மாளும் அவரும் அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு குழம்பும் சாலனும் மாற்றிக்கொள்வார்கள். குன்றின் மேல் வெளிச்சம் முளைத்ததும் வஜீதாம்மா வீட்டுக்குள்ளிருந்தே கூப்பிடுவார்.

“அடியே ராஜம்மா! உங்க வூட்டுக்காரரு வந்துட்டாரு பாரு. ஓடு ஓடு, சோறு போடு!”

“போ அக்கா, நீ வேற!”

அந்த வருஷம் மழை பொய்த்தது. ஐப்பசியில் விஷக்காய்ச்சல் வந்தது. எங்கிருந்தோ சண்டையிலிருந்து கப்பலேறி வந்து, ரயிலேறி வந்து, நம் ஊரில் இறங்கிவிட்டது என்றார்கள். வீட்டுக்கு வீடு படுத்தார்கள். காலையில் பட்டை இடித்துக்கொண்டிருந்தவள் மறுநாள் இல்லை. பதனிடும் இடங்களை மூடினார்கள். சுண்ணாம்புக் காளவாய் அணைந்தது. பாலாற்று மணலில் குழி வெட்ட ஆள் கிடைக்காமல் திண்டாடினார்கள்.

மலை மேலிருந்த தனகோடிக்குப் புகை இல்லாததுதான் முதலில் தெரிந்தது. ஊரின் மேல் எப்போதும் படிந்திருக்கும் மூட்டம் போய், பள்ளத்தாக்கு துடைத்துவிட்டாற்போல் இருந்தது. துரைக்கு ஆனந்தம். வருஷம் முழுவதும் எடுத்ததில் இந்த நாட்களின் அளவுகள்தான் மிகச் சுத்தம் என்று பிறகு சொன்னாராம். ஊர் செத்துக் கிடந்ததால் காற்று சுத்தமாயிற்று என்பது அவருக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்துதான் இருக்கும். கருவியில் கண்ணை வைத்தவனுக்குக் கருவிதான் உலகம்.

கன்னியப்பன் இந்தத் தடவை உச்சிக்கு வரவில்லை. பாதி வழியில் ஒரு பாறை இருக்கிறது. அதன் மேல் மூட்டையை வைத்துவிட்டுத் தூரத்தில் நின்று கத்தினான்.

“தனகோடி! அங்கயே நில்லு! கிட்ட வராத! ஊர்ல விஷக்காய்ச்சல்!”

“ராஜம்மா?”

“அதுக்கும் கொஞ்சம் காய்ச்சல். ஜாஸ்தி இல்ல. நீ எறங்கி வரக்கூடாதுன்னு தலையில அடிச்சி சொல்லிச்சு. தெனம் தட்டு காட்டுறேன், தட்டு தெரியற வரைக்கும் நான் நல்லா கீறேன்னு அர்த்தம், தட்டு தெரியலன்னா அப்ப வரட்டும்னு சொல்லச் சொல்லிச்சு.”

“சத்தியமா?”

“சத்தியமா சொல்லிச்சுப்பா!”

அது உண்மை. ராஜம்மாள் அப்படியேதான் சொன்னாள். இறங்கி வந்தால் புருஷனும் போய்விடுவான் என்று அவளுக்கு நடுக்கம்.

அன்று சாயங்காலம் தட்டு தெரிந்தது. நடுங்கியது. புகை இல்லை, காற்று இல்லை, நிலை நேரம். தட்டு அலை மேல் மிதக்கிற மாதிரி ஆடியது. தனகோடி முக்காலியைக் கட்டிக்கொண்டு நின்றார். மறுநாளும் நடுங்கியது. இன்னும் அதிகமாக. அதற்கடுத்த நாள் கொஞ்ச நேரம் தெரிந்து, கீழே சரிந்து, மறுபடி எழுந்தது. இறங்கிவிடுவோமா என்று குச்சுக்கும் பாதைக்கும் நடந்தார். பாதி வழி இறங்கி, பாறையில் உட்கார்ந்து, மறுபடி ஏறினார். தட்டு தெரிகிற வரைக்கும் வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறாளே! அவள் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லாதவர்.

அதற்கு மறுநாள் சாயங்காலம் பயந்துகொண்டே கண்ணாடியை ஊர்ப்பக்கம் திருப்பினார். தட்டு எழுந்தது. நடுக்கம் இல்லை. சுவரில் ஆணியடித்து மாட்டினாற்போல் நின்றது.

“நான் இன்னா பண்ணேன் தெரியுமா சார்?” என்று என்னிடம் கேட்டார். “பாடினேன். எனக்குப் பாட்டு வராது. தொண்ட கிழியப் பாடினேன். காய்ச்சல் எறங்கிடுச்சு, கையில தெம்பு வந்துடுச்சுன்னு. காத்து ஆடல, கை ஆடல. அப்ப வேற இன்னா அர்த்தம், சொல்லுங்க.”

அவர் கற்றுக்கொண்ட வித்தைப்படி அது சரியான கணக்கு.

அதன் பிறகு தினமும் தட்டு அசையாமல் நின்றது. தன் வாழ்நாளிலேயே அவ்வளவு சந்தோஷமாக இருந்த காலம் கிடையாது என்றார். குன்றின் சரிவில் சீத்தாப்பழம் பழுத்திருந்தது. நல்லதாகப் பறித்து, இலை வைத்துக் கூடையில் அடுக்கி, பாறை மேல் வைத்தார்.

“கன்னியப்பா, இத ராஜம்மாகிட்ட குடு! காய்ச்சல்ல படுத்தவளுக்கு வாய்க்கு ருசியா இருக்கும்!”

கன்னியப்பன் தூரத்தில் நின்றான். கூடையை எடுத்தான். “சரி” என்றான். போய்விட்டான்.

இப்போது பெண்கள் பக்கம்.

ராஜம்மாள் இறந்த அன்று அவளைத் தூக்க வந்தவர்கள் நாலே பேர். கன்னியப்பனும் அவர்களில் ஒருவன். வாய்க்கரிசி போட ரத்த சொந்தம் யாரும் இல்லை. தம்பி வீட்டிலும் எல்லோரும் படுத்துவிட்டார்கள். அந்தத் தாம்பாளத் தட்டில்தான் அரிசி வைத்து எடுத்தார்கள். அவர்கள் ஆற்றுக்குப் போனதும், வஜீதாம்மா இடுப்பளவுச் சுவரைத் தாண்டி வந்து, அந்தத் தட்டை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தார். அழுதுகொண்டே தேய்த்தார். கடைசி நாளில் ராஜம்மாளுக்குத் தட்டைத் தூக்கத் தெம்பில்லாமல், வஜீதாம்மாதான் அவளை அணைத்து நிற்கவைத்துக் கையைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். அப்போது அவள் கேட்டாளாம்.

“அக்கா, நான் போய்ட்டாலும் தட்ட நிறுத்திடாத. தெரிஞ்சா ஓடியாந்துடும். வந்தா அதுவும் போய்டும். ஊர் நல்லாவற வரைக்கும் காட்டு அக்கா.”

வஜீதாம்மா அல்லா மேல் ஆணையாகச் சரி என்றார்.

கோஷாப் பெண் திறந்த கொல்லையில் நின்று மலையைப் பார்த்துத் தட்டைத் தூக்குவது என்றால் சும்மாவா? கணவர் சத்தம் போட்டார். “இப்படி வெட்டவெளியில நிக்கிறியே, ஜனங்க இன்னா சொல்லுவாங்க?”

“ஜனங்க எங்க கீறாங்க? எல்லாத்தையும் ஆத்து மணல்ல பொதச்சாச்சு. எவன் வந்து சொல்லப்போறான்?” என்றார் வஜீதாம்மா.

தட்டு நடுங்கினால் அந்த மனுஷன் பயந்து இறங்கி வந்துவிடுவார் என்று வஜீதாம்மாவுக்குத் தோன்றியது. ஆகவே இரண்டு முழங்கையையும் சுவரில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தட்டைக் கெட்டியாகப் பிடித்தார். ஆடாமல் பிடிக்கப் பழகிக்கொண்டார். அந்தச் சீத்தாப்பழக் கூடை வந்ததே, அதைக் கன்னியப்பன் வஜீதாம்மா வீட்டு வாசலில் வைத்துவிட்டு நிற்காமல் போய்விட்டான். அதை யார் தின்பது? சுவர் மேல் வரிசையாக வைத்துவிட்டார். அணில் தின்றது.

பொங்கலுக்கு முன் துரையின் ஒரு வருஷக் கணக்கு முடிந்தது. ‘இறங்கு’ என்று வெளிச்சம் வந்தது. தனகோடி கண்ணாடிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்தார். கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. வாசலில் புல் முளைத்திருந்தது. “ராஜம்மா” என்று கூப்பிட்டார். அடுத்த வீட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கை தட்டை வெளியே நீட்டியது.

“பாய்சாப், மன்னிச்சுடுங்க. அது சொல்லித்தான் செஞ்சேன்.”

தனகோடி தட்டை வாங்கிக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கும் பேசவில்லை, அதற்கப்புறமும் பேசவில்லை. துரை வேறு ஊருக்குப் போகும்போது கூப்பிட்டார். மலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இந்த மைதானத்துக் காவல் வேலையில் சேர்ந்தார். அதே வீடு. பக்கத்தில் அதே சுவர். வருஷக்கணக்கில் சுவருக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அவர். சாயங்காலமானால் மைதானத்தில் உட்கார்ந்து குதிரைக்கல் குன்றைப் பார்ப்பார். சில நாள் தட்டைத் துடைத்து வெயிலில் பிடிப்பார். இதைப் பார்த்துத்தான் பைத்தியம் என்று பெயர் வைத்தான்கள், கட்டையில போறவன்கள்.

வஜீதாம்மாவுக்கு அந்த மௌனம் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. போன வருஷம் சம்பூர்ணத்திடம் கேட்டுவிட்டார். “உங்க வூட்டுக்காரர விட்டுக் கேளும்மா. அவருக்கு என்மேல கோபமா? நான் செஞ்சது தப்பா?”

நான் கேட்டேன். தனகோடி வெகுநேரம் காய்ந்த தோலைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“தட்டு காட்டினதுக்குக் கோபம் இல்ல சார். அது ராஜம்மா கேட்டது, அந்தம்மா செஞ்சது. அவுங்க காலத் தொட்டுக் கும்புடணும். ஆனா ஒருத்தராச்சும் எங்கிட்ட சொல்லியிருக்கலாம். கன்னியப்பன் பாற வரைக்கும் வந்து வந்து போனான். ஒரு வார்த்த சார். நான் பழம் பறிச்சிகினு நின்னேன். பாடிகினு நின்னேன்.”

“சொல்லியிருந்தா நீங்க இறங்கி வந்திருப்பீங்க. காய்ச்சல் வந்து நீங்களும் போயிருப்பீங்க.”

“போயிருப்பேன். போவாமயும் இருந்திருப்பேன். ஒரு பிடி மண்ணு போட்டிருப்பேன் இல்ல? எம் பொண்டாட்டிக்கு நான் மண்ணு போடல சார். நாலு பேரு போட்டாங்க, நான் போடல. அந்தம்மாகிட்ட பேசப் போனா இதத்தான் கேட்டுடுவேன். நல்லது செஞ்சவங்கள அப்படிக் கேக்கலாமா? அதான் பேசல.”

சம்பூர்ணத்திடம் அப்படியே சொன்னேன். அவள் வஜீதாம்மாவிடம் போய், “கோபம் இல்லையாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். மிச்சத்தைச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

இந்த மாசியில் வஜீதாம்மா படுத்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. மகள் ரஃபத் ஜஹான் வாணியம்பாடியிலிருந்து வந்து பார்த்துக்கொண்டாள். ஒரு நாள் தனகோடி என் மனைவியைக் கூப்பிட்டு, “தங்கச்சி, அந்தம்மா படுத்திருக்கிற ரூமு ஜன்னல் எந்தப் பக்கம்?” என்று கேட்டார். மைதானத்துப் பக்கம்தான் என்றாள். அன்று சாயங்காலம் அவர் மைதானத்தின் நடுவில் நின்று தட்டைப் பிடித்தார். வெளிச்சம் ஜன்னல் வழியாகப் போய் வஜீதாம்மாவின் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் விழுந்தது. கிழவரின் கை. நடுங்கிக்கொண்டே விழுந்தது.

சம்பூர்ணம் அப்போது அங்கேதான் இருந்தாள். வஜீதாம்மா சுவரையே பார்த்தாராம். “பேசிட்டாரு” என்றாராம். “இத்தன வருஷம் கழிச்சுப் பேசிட்டாரும்மா.” அதன் பிறகு தினமும் சாயங்காலம் தலையணையை உயர்த்திவைக்கச் சொல்லிக் காத்திருப்பார்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானத் தொழுகைக்குப் பிறகு வஜீதாம்மா இறந்துபோனார்.

அந்த வீட்டு வாசலில் நாங்கள் ஆண்கள் நின்று பேசினோம். சூரியன் மறைவதற்குள் அடக்கம். “கெழவருகிட்ட இப்ப சொல்லவேணாம்” என்றார் ஒருவர். “ஏற்கெனவே தள்ளாத உடம்பு. மனசு தாங்காது. எல்லாம் முடிஞ்சப்புறம் பதமா சொல்லிக்கலாம்.” எல்லோருக்கும் அதுதான் சரி என்று பட்டது. நானும் தலையாட்டினேன். மைதானத்தில் தனகோடி தட்டைத் துடைத்துக்கொண்டு வெயில் சாயக் காத்திருந்தார்.

சம்பூர்ணம் உள்ளேயிருந்து வெளியே வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. நாங்கள் பேசியது காதில் விழுந்துவிட்டது.

“மறுபடியும் அதே வேலையா?” என்றாள் என்னைப் பார்த்து. அத்தனை பேர் முன்னால். “அந்த மனுஷன் உங்ககிட்ட வாய்விட்டுச் சொன்னாரே, ஒரு பிடி மண்ணு போடலன்னு! கேட்டுட்டு வந்து எங்கிட்ட ஒப்பிச்சீங்களே! உங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா?”

யாருடைய பதிலுக்கும் நிற்காமல், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, காய்ந்த தோல்களுக்கு நடுவில் விடுவிடுவென்று நடந்து போனாள். தனகோடி அப்போதுதான் தட்டைத் தூக்கியிருந்தார். ஜன்னலைச் சாத்தியிருந்ததால் வெளிச்சம் மரக்கதவில் பட்டு நடுங்கிக்கொண்டிருந்தது.

“அண்ணே” என்றாள். “வஜீதாம்மா போய்ட்டாங்கண்ணே. தட்ட எறக்குங்க. இன்னும் எடுக்கல. இப்பவே போனா நேரம் இருக்கு.”

தனகோடி தட்டை இறக்கினார். அவள் முகத்தைப் பார்த்தார். தட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, தலைத்துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எங்கள் பக்கமாக நடந்து வந்தார். ரஃபத் ஜஹானின் கணவர் முன்னால் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு தூரமும் ஜனாஸாவுக்குப் பின்னால் யார் தாங்கலும் இல்லாமல் நடந்தார். நான் அவர் பக்கத்திலேயே இருந்தேன், விழுந்துவிடுவாரோ என்று. விழவில்லை.

கபர்ஸ்தானில் குழிக்குள் இறக்கியதும் ஒவ்வொருவராக மூன்று பிடி மண் போட்டார்கள். இவர் ஓரத்தில் தயங்கி நின்றார்.

“நான் போடலாமா?”

“போடுங்க சாச்சா. உங்களுக்கு இல்லாததா?” என்றார் மருமகன்.

தனகோடி குனிந்து மண்ணை அள்ளினார். முதல் பிடியைப் போட்டபோது, “வஜீதாம்மா” என்றார். இரண்டாவது பிடியை அள்ளி வெகுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு, “ராஜம்மா” என்று சொல்லிப் போட்டார். மூன்றாவது பிடிக்கு அவரால் குனிய முடியவில்லை. நான் அள்ளி அவர் கையில் கொடுத்தேன்.

திரும்பி வரும்போது சம்பூர்ணம் தண்ணீர்ச் சொம்போடு வாசலில் நின்றாள். அவர் கால் கழுவிக்கொண்டார். கையைக் கழுவாமல் உள்ளங்கையில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தங்கச்சி,” என்றார், “நீ வந்து சொன்னியே.”

அப்போதுதான் அழுதார்.